சென்னை – யாழ்ப்பாணம்: எத்தனை தூரம்? எத்தனை நேரம்?



எங்கள் ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 16ல் தமிழ்நாட்டின் எல்லை ஊர். அதைத் தாண்டினால் தடா, ஆந்திரா. ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படித்தது நான்தான் முதல் ஆள். எங்க நைனா ஏரியில் வலை போடுகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார்.

எங்கள் குப்பத்தில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். "ரெண்டு மணி நேரம்", "விடியறதுக்குள்ள போயிடலாம்" என்று நேரத்தில்தான் சொல்வார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது வெளிச்சம் தெரிந்த பிறகு சத்தம் காதுக்கு வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதைக்கூட எங்க சின்னப் பசங்க ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிப் பார்ப்பார்கள். பாலிடெக்னிக் வந்து சர்வே பாடம் படித்த பிறகு, இது என்ன படிக்காதவங்க கணக்கு என்று எனக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணம் எப்படி உடைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கூடவே, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள வான் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் ஒரு சாதாரண கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நாமே எப்படிக் கணக்குப் போடலாம் என்பதையும் சொல்கிறேன்.

கணக்கு வந்த கதை

என் பக்கத்து பெஞ்ச் நண்பன் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வருகிறவன். அவன் அம்மா 1990ல், பதினோரு வயதில், பெரியம்மாவோடு படகேறி ராமேஸ்வரம் வந்தவர். அவரைப் பெற்றவர், அதாவது என் நண்பனின் அம்மம்மா, யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு தாயும் மகளும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. 2025 பொங்கல் லீவில் அந்த அம்மம்மா டூரிஸ்ட் விசா வாங்கிக்கொண்டு சென்னைக்கு விமானத்தில் வருவதாக முடிவானது.

அங்கிருந்து போனில் விமானம் கிளம்பும் நேரம் மட்டும் சொன்னார்கள். "இங்க எப்போடா வந்து சேரும்?" என்று நண்பன் என்னைக் கேட்டான். நெட்டில் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் எனக்கு அட்சரேகை, தீர்க்கரேகை புதுசாகப் படித்த திமிர். "இரு, நான் கணக்குப் போட்டே சொல்றேன்" என்றேன்.

முதல் படி: தூரம்

பூமியில் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண் போதும். பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கு என்பது அட்சரேகை. கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கு என்பது தீர்க்கரேகை. ஒரு டிகிரிக்கு 60 மினிட். (இது கோண மினிட். கடிகார நிமிஷம் இல்லை. கடிகாரக் கணக்கை இந்தக் கட்டுரை முழுக்க 'நிமிஷம்' என்றே எழுதுகிறேன்.)

சென்னை விமான நிலையம்: வடக்கு 12 டிகிரி 59.6 மினிட், கிழக்கு 80 டிகிரி 10.8 மினிட்.

யாழ்ப்பாணம் (பலாலி): வடக்கு 9 டிகிரி 47.5 மினிட், கிழக்கு 80 டிகிரி 4.2 மினிட்.

இரண்டு இடத்தின் தீர்க்கரேகையையும் கவனியுங்கள். இரண்டும் 80 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. நம்ம ஆரம்பாக்கமும் 80க்குச் சற்றுக் கிழக்கேதான். ஆக எங்கள் ஊர், சென்னை, யாழ்ப்பாணம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோடு. வடக்கு தெற்காகக் கயிறு பிடித்தது மாதிரி.

ஒரே தீர்க்கரேகையில் இருந்தால் கணக்கு ரொம்ப சுலபம். அட்சரேகை வித்தியாசத்தை மினிட்டில் எழுதினால் அதுவே கடல் மைலில் தூரம்! ஒரு மினிட் அட்சரேகை தரையில் எவ்வளவு நீளமோ அதைத்தான் ஒரு கடல் மைல் என்று வைத்தார்கள். கிலோமீட்டரில் அது 1.852. இந்த எண் எங்கிருந்து வந்தது? 1791ல் பிரான்ஸ் நாட்டில் மீட்டரை முடிவு செய்தபோது, வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். அப்படியானால் அந்தத் தூரம் 10,000 கிலோமீட்டர். அதில் 90 டிகிரி, அதாவது 5,400 மினிட் இருக்கிறது. 10,000ஐ 5,400ஆல் வகுத்துப் பாருங்கள், 1.852 வரும்.

ஒரு டிகிரிக்குத் தரையில் எத்தனை தூரம் என்று நிஜமாகவே அளந்து பார்க்கும் பெரிய வேலை நம் நாட்டில் எங்கே தொடங்கியது தெரியுமா? சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பரங்கிமலை அருகில்! 1802ல் வில்லியம் லாம்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்துச் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஆதாரக் கோடு அளந்தார். சர்வே பிராக்டிகலில் வெயிலில் சங்கிலி பிடித்து நின்ற எல்லோருக்கும் அந்த ஏழரை மைலின் அருமை புரியும்.

இப்போது நம் கணக்கு.

12 டிகிரி 59.6 மினிட் – 9 டிகிரி 47.5 மினிட் = 3 டிகிரி 12.1 மினிட்

3 × 60 + 12.1 = 192.1 மினிட் = 192 கடல் மைல்

192 × 1.852 = 356 கிலோமீட்டர்

கிழக்கு மேற்கு வித்தியாசம் 6.6 மினிட்தான். அதைச் சேர்த்தாலும் விடையில் மாற்றம் தெரியாது. கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலையில் போகிற தூரம்தான், அவ்வளவே.

இரண்டாம் படி: நேரம் (நான் தப்பு செய்த இடம்)

இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 விமானம். எழுபது பேருக்கு மேல் உட்காரலாம். இரண்டு பக்க இறக்கையிலும் பெரிய காற்றாடி இருக்கும். பெரிய ஜெட் விமானத்தைவிட வேகம் குறைவு, ஆனால் சின்ன ஓடுபாதை போதும். மேலே ஏறிய பிறகு நிலையாகப் பறக்கும் வேகம் சுமார் 275 நாட். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். ஆக 275 நாட் என்பது மணிக்குச் சுமார் 510 கிலோமீட்டர்.

192 ÷ 275 × 60 = 42 நிமிஷம்.

இலங்கை நேரமும் 2006 முதல் நம் நேரமும் ஒன்றே. கடிகாரத்தைத் திருப்பவும் வேண்டாம். "நாப்பத்திரண்டு நிமிஷம். கரெக்டா இறங்கிடும் பாரு" என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். அம்மாவிடமும் சொன்னான்.

அந்த நாள் வந்தது. முகாமிலிருந்து ஸ்டேஷன், கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பார்க் ஸ்டேஷன், பிறகு திரிசூலம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விமானம் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் போய் வாசலில் நின்றுவிட்டார்கள். நான் வீட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன்.

விமானம் கிளம்பும் நேரம் தாண்டி ஐம்பதாவது நிமிஷம் போன் வந்தது. "டேய், பிளேன் இன்னும் வரேல்லடா. அம்மா அழுறாடா" என்றான். எப்போதும் என்னிடம் எங்க ஊர்ப் பேச்சுதான் பேசுவான். அன்று பயத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அவன் அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கடல் மேலே என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். சின்ன வயதில் அந்தக் கடலை அவர் தாண்டி வந்த விதம் அப்படி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால்குலேட்டரை எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டேன். 42தான் வந்தது. எழுபத்தைந்தாவது நிமிஷம் வாக்கில் விமானம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அது தாமதமாக வரவில்லை. சொன்ன நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. தப்பு என் கணக்கில்தான். அந்த முப்பத்து மூன்று நிமிஷம் ஒரு தாயை அழ வைத்தது என் வகுத்தல்தான்.

நைனா சொன்ன விடை

ராத்திரி நைனாவிடம் இதைச் சொன்னேன். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா கண்ணு, நீ நடுத்தண்ணி கணக்கை மட்டும் போட்டிருக்கே. கரை கணக்கை யாரு போடறது?"

புரியவில்லை என்றேன்.

"நம்ம பாடு வர்ற அன்னிக்கு நான் எப்போ கிளம்பறேன்? வலை போடற எடத்துக்கு முக்கா மணிதான். ஆனா ஒன்றரை மணிக்கு முன்னாடியே எழுந்துக்கறேன் இல்ல? படகைச் சேத்துல இருந்து தள்ளணும். வலையை ஏத்தணும். தண்ணி கம்மியா இருக்கற எடத்துல கோல் ஊனி மெதுவாதான் போகணும். போன பிறகு படகைத் திருப்பி நிறுத்தணும். உன் பிளேனு மட்டும் கரையில இருந்து நடுத்தண்ணிக்குக் குதிச்சிடுமா?"

(ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பதைத்தான் பாடு என்பார்கள். நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு.)

நண்பர்களே, விமானத் தொழிலில் இதற்குப் பெயர் பிளாக் டைம். விமானம் நிற்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள மொத்த நேரம் அது. டிக்கெட்டில் போடுவது இந்த நேரத்தைத்தான். இதில் என்னென்ன அடங்கும்?

1. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குத் தரையில் ஊர்ந்து போகும் நேரம்.

2. ஓடுபாதையில் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம்.

3. மேலே ஏறும் நேரம். ஏறும்போது 275 நாட் வேகம் கிடைக்காது, அதைவிடக் குறைவுதான்.

4. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்துச் சுற்றித் திரும்பும் நேரம். சென்னையின் பெரிய ஓடுபாதையின் எண் 07/25. இது காம்பஸ் பேரிங்தான். 70 டிகிரி, 250 டிகிரி என்பதில் கடைசி சைபரை விட்டுவிட்டார்கள். அதாவது ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. தெற்கேயிருந்து வரும் விமானம் அப்படியே நேராக வந்து இறங்க முடியாது. திரும்பி, ஓடுபாதையின் கோட்டுக்கு வந்துதான் இறங்கணும்.

5. இறங்கிய பிறகு நிறுத்துமிடம் வரை ஊர்ந்து வரும் நேரம்.

6. வழியில் சின்னத் தாமதம் வந்தால் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கும் நேரம்.

ஆக சரியான சூத்திரம் இது:

மொத்த நேரம் = (தூரம் ÷ வேகம்) + கரை நேரம்

சென்னை – யாழ்ப்பாணம் அட்டவணை நேரம் சுமார் 75 நிமிஷம். அதில் நடுத்தண்ணி 42. மீதி 33 நிமிஷம் கரை நேரம்.

மூன்றாம் படி: சூத்திரம் சரியா?

ஒரே ஒரு கணக்கை வைத்துச் சூத்திரத்தை நம்பக் கூடாது என்பது எல்லா லேபிலும் நாம் படித்த பாடம். நல்ல வேளையாக 2025 மார்ச் 30ல் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் தொடங்கியது. அதை வைத்துச் சோதித்தேன்.

திருச்சி: வடக்கு 10 டிகிரி 45.9 மினிட், கிழக்கு 78 டிகிரி 42.6 மினிட்.

இங்கே இரண்டு ஊரும் ஒரே தீர்க்கரேகையில் இல்லை. தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். ஆகவே கிழக்கு மேற்கு வித்தியாசத்தைச் சராசரி அட்சரேகையின் காஸ் மதிப்பால் பெருக்கணும்.

வடக்கு தெற்கு வித்தியாசம் = 58.4 கடல் மைல்

கிழக்கு மேற்கு வித்தியாசம் = 81.6 மினிட்

சராசரி அட்சரேகை சுமார் 10 டிகிரி 17 மினிட். அதன் காஸ் 0.984

81.6 × 0.984 = 80.3 கடல் மைல்

இப்போது நமக்குத் தெரிந்த பிதாகரஸ்:

58.4 × 58.4 + 80.3 × 80.3 = 9,859. இதன் வர்க்கமூலம் 99.3

ஆக 99 கடல் மைல், அதாவது 184 கிலோமீட்டர். (சின்னத் தூரத்துக்கு இது போதும். சென்னை – லண்டன் போன்ற தூரத்துக்குப் பூமியின் வளைவைச் சேர்த்துக் கோள முக்கோணக் கணக்குதான் போடணும்.)

நடுத்தண்ணி நேரம்: 99 ÷ 275 × 60 = 22 நிமிஷம். கரை நேரம் 33ஐச் சேர்த்தால் 55 நிமிஷம். அட்டவணையில் போடுவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். சூத்திரம் நிற்கிறது!

கவனியுங்கள். சென்னைத் தூரத்தில் திருச்சித் தூரம் பாதிதான். ஆனால் நேரம் பாதியாகவில்லை. 75 நிமிஷம் 55 ஆனது, அவ்வளவுதான். தூரம் குறையலாம், கரை நேரம் குறையாது. சின்னத் தூரத்துக்கு விமானம் விடுவது ஏன் லாபமாக அமைவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றின் கணக்கு

விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்து. தரையில் அது முன்னேறும் வேகம் வேறு. 20 நாட் எதிர்காற்று என்று வைத்துக்கொள்வோம். 275 – 20 = 255. 192 ÷ 255 × 60 = 45 நிமிஷம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 295 நாட், 39 நிமிஷம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடக்கே போகிறவன் மெதுவாகத்தான் போவான் என்பது எங்க நைனாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீங்களும் போட்டுப் பாருங்கள்: தூத்துக்குடி விமான நிலையம் வடக்கு 8 டிகிரி 43.5 மினிட், கிழக்கு 78 டிகிரி 1.5 மினிட். சென்னையிலிருந்து தூரம் 529 கிலோமீட்டர் பக்கத்தில் வந்தால் உங்கள் கணக்கு சரி. நேரத்தை எழுதும்போது கரையை மறக்காதீர்கள்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி

இந்த வழி புதியது இல்லை. 1947 டிசம்பர் 10ல் ஏர் சிலோனின் டகோட்டா விமானம் ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்தது. அதுதான் அந்தக் கம்பெனியின் முதல் பயணம். பிறகு பல வருஷம் வழி அடைபட்டுக் கிடந்தது. 2019 அக்டோபர் 17ல் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பர் 11ல் சென்னையிலிருந்து விமானம் ஓடத் தொடங்கியது. கொரோனாவால் 2020ல் நின்று, 2022 டிசம்பர் 12ல் மறுபடி தொடங்கியது. தூரம் என்னவோ அப்போதும் இப்போதும் அதே 356 கிலோமீட்டர்தான்.

அன்று விமானம் இறங்கிய பிறகும் அம்மம்மா வெளியே வர அரை மணிக்கு மேல் ஆனதாம். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வரும் பெல்ட், இதெல்லாம் டிக்கெட்டில்கூட எழுதாத கரை. வந்தவரை மகளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம். அம்மம்மாதான் மகளைக் கண்டுபிடித்தாராம். எனக்கு ஒரு துண்டு பனாட்டு கொடுத்து அனுப்பியிருந்தார். "கணக்குப் போட்ட பெடியனுக்கு" என்று சொல்லிக் கொடுத்தாராம். எனக்கு வெட்கமாக இருந்தது. நைனாவுக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தேன்.

விசா முடிந்து அம்மம்மா திரும்பிப் போன பிறகு ஒரு நாள் கிளாசில் நண்பன் கேட்டான்: "எழுபத்தஞ்சு நிமிஷத் தூரம்தானேடா. எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு? அதுல எவ்வளவு நடுத்தண்ணி, எவ்வளவு கரை?"

நான் கால்குலேட்டரை எடுக்கவில்லை. அவன் கேள்வியிலேயே விடை இருந்தது. நடுத்தண்ணி நாற்பத்திரண்டு நிமிஷம். மீதி எல்லாம் கரை.

நாம் நாளைக்கு ரோடு போடுவோம், பாலம் கட்டுவோம், சைட்டில் நின்று 'இத்தனை நாளில் முடியும்' என்று எழுதிக் கொடுப்போம். அந்தப் பேப்பரை நம்பி யாராவது ஒரு வாசலில் வந்து நிற்பார்கள். வகுத்து வந்த விடையை அப்படியே எழுதுவதற்கு முன்னால் கரையில் நிற்கிறவரையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போம்.



— மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவன், ஆரம்பாக்கம்